தீவை விட்டு வேலைக்குக் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

சின்னத் தீவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு, யாரும் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. இன்னார் மகன், இன்னார் பேத்தி என்றால் போதும், கடையில் கடனும் கிடைக்கும், படகில் இடமும் கிடைக்கும். வெளியே வேலைக்குப் போகும்போது இடிக்கிற இடமும் அதுதான். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது, காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள். அதனால் வேலை தேடுவதற்கு முன்பே, ஊரில் இருக்கும்போதே, இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஓர் எழுத்து குறைவு என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள், கடல் கடந்து போனபிறகு ஓர் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு. பாஸ்போர்ட் முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கைத்தொழில், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். நடுக்கடலில் நின்றுபோன அவுட்போர்டு மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக் கரைக்குக் கொண்டுவரத் தெரிந்த பையன், விண்ணப்பத்தில் 'முன் அனுபவம் இல்லை' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பான். சம்பளம் வாங்காமல் மாமாவின் படகில் செய்தது வேலையில்லையா என்ன? யாரிடம் வேலை செய்தீர்களோ அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். 'நல்ல பையன், கடின உழைப்பாளி' என்று எழுதிக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வகை மோட்டார், என்னென்ன பழுது பார்த்தார், எத்தனை பேர் ஏறும் படகை ஓட்டினார், கடைசியில் கையெழுத்தும் போன் நம்பரும். சமையல், வயரிங், முதியோரைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் இப்படித்தான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

சரி, எங்கே போவது? சம்பளத்தைப் பார்க்கும் முன், உங்கள் குடியுரிமை எந்தக் கதவைத் திறக்கும் என்று பாருங்கள். பசிபிக் தீவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: நியுவே, குக் தீவுகள், டோக்கெலாவ் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், அங்கே போக விசாவே வேண்டாம். (நியுவேயில் இருப்பது 2,000 பேருக்கும் குறைவு, நியூசிலாந்தில் வாழும் நியுவே வம்சத்தார் 30,000-ஐத் தாண்டும்.) மார்சல் தீவுகள், மைக்கிரோனேசியா, பலாவு நாட்டவர் ஒப்பந்தப்படி அமெரிக்காவில் விசா இல்லாமல் தங்கி வேலை செய்யலாம். துவாலு மக்களுக்கு ஆஸ்திரேலியா அங்கே வந்து குடியேற ஆண்டுக்கு 280 இடங்கள் குலுக்கலில் தருகிறது, வேலை கையில் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் பதிந்தார்கள், அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 10,000-தான். குலுக்கலில் பெயரைப் போடுங்கள், அதை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

கப்பல் வேலை தீவுப் பிள்ளைகளுக்குப் பழகிய வழி. தீயணைப்பு, கடலில் உயிர் பிழைத்தல், முதலுதவி அடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் இல்லாமல் ஏற முடியாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் ஏஜென்ட் பணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் அல்லது அதுபோன்ற பயண ஆவணம், மருத்துவச் சான்றிதழ் போன்ற செலவுகள்தான் உங்களுடையவை, விசாச் செலவு கப்பல்காரருடையது. 'சீட் பிடிக்க முன்பணம்' என்று ஒருவர் கேட்டால், அவர் உறவுக்காரராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கரையில் பருவகாலப் பழத்தோட்ட வேலை என்றால் வேறு கேள்வி: தங்குமிடம், விமானக் கட்டணம், காப்பீடு என்று சம்பளத்தில் வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? மழையால் வேலை இல்லாத வாரத்தில் குறைந்தபட்சம் என்ன கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கைரேகை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெரிய ஊரில்தான் நடக்கும். டோக்கெலாவுக்கு விமான நிலையமே கிடையாது, சமோவாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பல் பயணம். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் நேர்காணலுக்கு முந்தைய நாள் கிளம்பினால் கதை முடிந்தது. குறித்த தேதிக்கு முந்தைய கப்பலில் போகாதீர்கள், அதற்கும் முந்தையதில் போய் உறவினர் வீட்டில் காத்திருங்கள். காற்று யாருடைய தேதியையும் பார்ப்பதில்லை.

பணம் அனுப்புவதைப் பற்றி வீட்டில் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் மூன்று மாதம் வாடகை முன்பணம், குளிருக்கு உடை, பயணக் கடன் என்று போய்விடும், அப்போது ஒன்றும் அனுப்ப முடியாது என்று அம்மாவிடமே நேராகச் சொல்லுங்கள். அப்புறம் அனுப்பும்போது சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் தின்றுவிடும், மாதம் ஒருமுறை போதும். கட்டணம் எவ்வளவு என்பதோடு, கொடுக்கும் நாணய மாற்று விகிதத்தையும் பாருங்கள், பல இடங்களில் லாபத்தை அங்கேதான் ஒளித்து வைக்கிறார்கள்.

ஊரில் உங்கள் பங்குக்கு நிலமோ படகோ இருந்தால், நீங்கள் இல்லாதபோது யார் பயன்படுத்துவது, திரும்பினால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பெரியவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அது இருக்கிற விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்.