நீர் வட்டம் படிப்பிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

கடல், மலை, முகில், நாலு அம்புக்குறி. நீர் வட்டம் என்றால் கரும்பலகையில் வருவது இந்தப் படம்தான். வன்னியில் மலை ஏது? முகில் மலையில் முட்டினால்தான் மழை என்று மனதில் பதித்துக்கொண்ட பிள்ளைக்கு, கார்த்திகையில் கிளிநொச்சியில் கொட்டுகிற மழை விளங்காது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்தால் மழை என்று சொல்லுங்கள். அந்த ஈரத்தை வங்கக் கடலிலிருந்து வாடைக்காற்று கொண்டுவருகிறது.

படத்தைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் தொடங்குவதே நல்லது. கனகராயன் ஆற்றில் வரும் வெள்ளம் குளத்தை நிரப்புகிறது. துருசு (மதகு) திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது; குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போய்க் கடலைச் சேர்கிறது. நிலத்துக்குள் இறங்கும் அம்புக்குறியை விட்டுவிடாதீர்கள். குளம் நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஏறுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்திருப்பார்கள்.

நீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்பது இன்னொரு பிழை. ஆனையிறவு உப்பளத்தில் அடுப்பு இல்லை. வெயிலும் காற்றும் நீரை எடுத்துக்கொள்ள, உப்பு பாத்தியில் தங்கிவிடுகிறது. மழைநீர் ஏன் கரிப்பதில்லை என்ற கேள்விக்கும் இதுவே விடை.

முகிலை நீராவி என்று சொல்லிவிடுவதுதான் அதிகம் நடப்பது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. முகில் என்பது நீராவி குளிர்ந்து ஒடுங்கிய நுண்துளிகள். கேத்திலில் நீர் கொதிக்கும்போது அதன் மூக்குக்கு மிக அருகே ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளைப் புகை. அந்த இடைவெளியைக் காட்டுங்கள், பிள்ளைகளை எட்ட நிறுத்தி.

செய்முறைக்கு ஒரு கறுப்புப் பேசின் எடுங்கள். அரை லீற்றர் நீரில் 2 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். அதன் பிறகே நடுவில் குவளையை வையுங்கள். முதலிலேயே வைத்தால் உப்புநீர் உள்ளே தெறிக்கும். குவளை பேசின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். மிதந்தால் உள்ளே கழுவிய கல் ஒன்று. தெளிவான பொலித்தீனால் மூடி, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தால் இறுக்குங்கள். நடுவில் சின்னக் கூழாங்கல் வைத்தால் பொலித்தீன் குவளைக்கு நேர்மேலே தொய்யும், ஆனால் குவளையில் முட்டக்கூடாது. நல்ல வெயிலில் 3 மணி நேரம் விட்டு, குவளை நீரைச் சுவைக்கக் கொடுங்கள்: உப்பு இராது. பெரும்பாலும் சரிவராததற்குக் காரணம் ஓரத்து இடைவெளிதான், ஆவி அதனூடே போய்விடும். கார்த்திகை மார்கழி மழைக்குள் செய்தால் பேசின் சூடேறாது. மாசிக்குப் பிறகு செய்யுங்கள்.

மரங்களையும் பயிரையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும் ஆவியுயிர்ப்பைக் காட்ட, பூவரசங் கொப்பொன்றை இலையோடு தெளிவான பையால் மூடிக் காலையில் கட்டுங்கள். 2 மணி நேரத்தில் உட்புறம் துளிகள் படியும். பார்த்ததும் பையை அவிழ்த்துவிடுங்கள். மத்தியான வெயில்வரை விட்டால் இலை வெந்துபோகும்.