ஆக்சியல் நிறையைத் தொடாமல் சரிசெய்த கணக்கு

கார்பன் அணுக்கருவில் நியூட்ரினோ சிதறலுக்கான என் கணக்கு, அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் நடந்த மினிபூன் நியூட்ரினோ சோதனை 2010இல் வெளியிட்ட அளவீட்டைவிடத் தெளிவாகக் குறைவாக வந்தது. நான் எடுத்தது, நியூக்ளியான்களை (புரோட்டான், நியூட்ரான்) கருவுக்குள் சுதந்திரமாக அலையும் துகள்களாகக் கொள்ளும் ஃபெர்மி வாயு மாதிரி. மென்விசைக்கு நியூக்ளியான் தரும் பதிலின் ஒரு பங்கு ஆக்சியல் பகுதி; மோதலின் உந்தம் கூடக்கூட அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் குறிக்கும் ஆக்சியல் நிறைக்கு 1.03 கிகா எலக்ட்ரான் வோல்ட் வைத்தேன். அந்த நிறையை 1.35க்கு உயர்த்தினால் பொருந்திவிடும். மினிபூன் குழுவே அந்த மதிப்பைத்தான் பெற்றது. ஆனால் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கொண்ட டியூட்டீரியக் கருவின் தரவுகள் 1.03ஐ ஒட்டியே நிற்கின்றன. கருவின் குறையை நியூக்ளியானின் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே எலக்ட்ரான் சிதறலுக்குத் திரும்பினேன். அங்கே ஆக்சியல் பகுதிக்கு வேலையே இல்லை; எலக்ட்ரான் இழந்த ஆற்றலும் நேரடியாகத் தெரியும். அதே நிரலை அதே கார்பனுக்கு ஓட்டியதும் குறை பளிச்சென்று தெரிந்தது: குவாசி-மீள் முகட்டுக்கும் (ஒரே ஒரு நியூக்ளியான் தட்டப்பட்டு வெளியேறும் நிகழ்வுகள்) டெல்டா முகட்டுக்கும் (நியூக்ளியான் டெல்டா என்ற கிளர்வுநிலைக்கு உயரும் நிகழ்வுகள்) இடையிலான பள்ளத்தில் என் வளைகோடு தரவுக்கு வெகு கீழே கிடந்தது.

நியூக்ளியான்கள் தமக்குள் மீசான் என்ற துகள்களைப் பரிமாறுவதால் எழும் மீசான் பரிமாற்ற மின்னோட்டங்களால் இரண்டு நியூக்ளியான்கள் சேர்ந்து வெளியேறும் பங்கைச் சேர்த்தேன். பள்ளம் பெருமளவு நிரம்பியது. மினிபூன் கருவி, மோதலில் பிறக்கும் மியூயானை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) வைத்தே நிகழ்வுகளை வகைப்படுத்தியது. வெளியேறிய புரோட்டான்களை எண்ணவில்லை. ஆகவே இந்த இரட்டை நிகழ்வுகளும் அங்கே குவாசி-மீள் கணக்கில்தான் விழுந்தன. 2009இல் கோட்பாட்டாளர்கள் மார்ட்டினி, எரிக்சன் குழுவினர் சுட்டிக்காட்டியதும் இதையே. அந்தப் பங்குடன் 1.03ஐ மாற்றாமலேயே இடைவெளி பெரும்பாலும் மறைந்தது.

இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கருவுக்குள் பையான் (டெல்டா வழக்கமாக உமிழும் மீசான்) இன்றி டெல்டா சிதையும் பங்கை டெல்டா முகட்டிலும் இரட்டை நியூக்ளியான் பகுதியிலும் இருமுறை கூட்டிவிடக் கூடாது.