மோதினால் மட்டும் ஆற்றல் கைமாறிவிடாது

கிளர்வுற்ற அணு, அதாவது ஆற்றலை வாங்கி உயர்ந்த மட்டத்தில் நிற்கும் அணு, வாயு மூலக்கூறோடு மோதுகிறது என்றதும் மனதில் இரண்டு கோலிக்குண்டுகள் வந்து நின்றுவிடும். இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அந்தக் கோலிக்குண்டால் வருபவை.

சோடியம் ஆவியை எடுத்துக்கொள்வோம். 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை விழுங்கிய அணுவிடம் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கூடுதலாக இருக்கும் (கீழே வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் இதே அலகில்தான்). சும்மா விட்டால் சராசரியாக 16 நானோ நொடியில் அதே மஞ்சளை உமிழ்ந்துவிடும். குடுவைக்குள் கொஞ்சம் ஆர்கானை விட்டால் ஒளிர்வு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நைட்ரஜனை விட்டால் மங்கிப்போகிறது. இத்தனைக்கும் ஆர்கான்தான் கனமானது! 'கனமானது பலமாக மோதி ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும்' என்ற விளக்கம் இங்கேயே அடிபட்டுப்போகிறது. ஆர்கானிடம் அந்த 2.1-ஐ வாங்கி வைக்க இடமில்லை. அதன் முதல் கிளர்வு மட்டமே 11.5-க்கு மேல்தான். அதனால் அந்த ஆற்றல் முழுவதையும் இரண்டும் விலகி ஓடும் இயக்க ஆற்றலாக மாற்ற வேண்டும். அறை வெப்பநிலையில் ஓர் அணுவின் சராசரி இயக்க ஆற்றலே 0.04தான், அதைப்போல ஐம்பது மடங்கை ஒரே மோதலில் இயக்க ஆற்றலாக்குவது மிக அரிது. நைட்ரஜன் மூலக்கூறுக்கோ அதிர்வு உண்டு, அந்த அதிர்வின் ஆற்றல் படிப்படியாக ஏறும், ஒரு படிக்குச் சுமார் 0.29. ஒரே மோதலில் பல படி ஏறிவிடும்.

சரி, அப்படியானால் கொடுப்பதன், வாங்குவதன் ஆற்றல் மட்டங்கள் அச்சாகப் பொருந்த வேண்டுமா? அடுத்த தவறு இதுதான். ஹீலியம்-நியான் லேசரில் ஹீலியத்தின் 20.61 மட்டமும் நியானின் 20.66 மட்டமும் ஒட்டி நிற்பதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே தேடுகிறோம். நைட்ரஜன் விஷயத்தில் வழி வேறு. நெருங்கி வரும்போது சோடியத்தின் எலக்ட்ரான் ஒரு கணம் நைட்ரஜன் பக்கம் தாவுகிறது, அதனால் பிணைப்பு நீள்கிறது. எலக்ட்ரான் திரும்பியதும் மூலக்கூறு அதிர்ந்துகொண்டே பிரிகிறது.

விடைத்தாளில் அடிக்கடி கண்ணில் படுவது இன்னொன்று: 'மோதல் ஒளி உமிழும் வீதத்தைக் குறைக்கிறது.' குறைப்பதில்லை. கிளர்வுற்ற ஓர் அணு உமிழும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆற்றல் வெளியேற பக்கத்தில் மோதல் என்ற இன்னொரு வாசல் திறக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாசல் வழியாகவும் சம வேகத்தில் வெளியேறினால் ஒளி பாதியாகும், ஆயுளும் 16-லிருந்து 8 நானோ நொடியாகும். 1919-இல் ஸ்டெர்ன், ஃபோல்மர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான்.

அப்புறம், ஒளி எவ்வளவு மங்குகிறது என்று வரைபடம் போடும்போது வாயுவின் அழுத்தத்தை மட்டும் போட்டுவிட்டு வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். எத்தனை மோதல் நடக்கும் என்பதற்கு மூலக்கூறுகளின் செறிவும் வேண்டும். அதே அழுத்தத்தில் 600 கெல்வினில் இருக்கும் மூலக்கூறுகளின் செறிவு, 300 கெல்வினில் இருப்பதில் பாதிதான்.