பொது அறிவுத் தேர்வு: ஆண்டைப் படித்துவிட்டு நிகழ்வை விட்டுவிடுகிறவர்களுக்கு

தருமபுரியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து படிப்பது என் வழக்கம். அவர்களுடைய குறிப்பேடுகளைப் புரட்டும்போதெல்லாம் அதே தவறுகளுடன் என் பழைய குறிப்பேட்டையே மீண்டும் பார்ப்பதுபோல் இருக்கிறது. நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது, வினாவை நிதானமாகப் படிப்பது போன்றவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, பாடச் செய்திகளில் நேரும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எதற்கான ஆண்டு என்று எழுதாமை

என் குறிப்பேட்டில் "ரிசர்வ் வங்கி – 1935" என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதிய தேர்வில் கேட்கப்பட்டதோ அவ்வங்கி நாட்டுடைமையாக்கப்பட்ட ஆண்டு. 1935, 1949 இரண்டும் விடைகளில் இருக்க, தெரிந்த எண்ணைக் கண்ட மகிழ்ச்சியில் 1935-ஐக் கருமையாக்கிவிட்டு வந்தேன். அம்முறை கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு எனக்கு ஒன்றரை மதிப்பெண் குறைந்தது, அதாவது சரியாக ஒரு வினா. அதற்காக மேலும் ஓராண்டு படிக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ரிசர்வ் வங்கிக்கான சட்டம் இயற்றப்பட்டது 1934-இல். தனியார் பங்குதாரர்களின் முதலீட்டில் வங்கி செயல்படத் தொடங்கியது 1935 ஏப்ரல் 1-இல். விடுதலைக்குப் பின் அரசு அதனைத் தன் உடைமையாக்கியது 1949 ஜனவரி 1-இல். தொடக்கத்தில் அது தனியார் பங்குகளைக் கொண்டிருந்தது என்ற ஒரு செய்தியை அறிந்திருந்தால், தொடங்கிய ஆண்டையும் நாட்டுடைமையான ஆண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். நானோ எண்ணை மட்டும் உருப்போட்டிருந்தேன். 14 வணிக வங்கிகள் நாட்டுடைமையான 1969-ஐயும் இதே வரிசையில் வைத்துப் படித்தால், மூன்றாவது குழப்பமும் தீரும்.

'தமிழ்நாடு' பெயர் மாற்றத்திலும் இதே பள்ளம் இருக்கிறது. சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்பதால் இந்த இடைவெளி ஏற்பட்டது. காரணத்தையும் சேர்த்துப் படித்த மாணவி ஒருத்தி இவ்விரு ஆண்டுகளையும் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை. ஆண்டுகளை மட்டும் சுவரில் ஒட்டிப் படித்த அவளுடைய தம்பி வாரந்தோறும் மாற்றிச் சொல்கிறான்.

பழைய நூலிலுள்ள மாவட்டப் பெயர்

இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைச் சேலம் மாவட்டம் என்று ஒரு நூலும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மற்றொரு நூலும் சொல்வதால் பிள்ளைகள் சண்டையிடுகிறார்கள். அவர் பிறந்த 1878-இல் அது சேலம் மாவட்டம். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன.

சமண சமயத்தைத் தோற்றுவித்தவர்

மகாவீரர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 24-ஆம் தீர்த்தங்கரர், அதாவது சமணப் பெருங்குருமார் வரிசையில் 24-ஆமவர். சமண மரபின்படி முதலாமவர் ரிஷபர்.

ஐன்ஸ்டைனின் நோபல் பரிசு

ஒளிமின் விளைவுக்காக, சார்பியலுக்காக அன்று.

நெல்லிக்கனி

கொடுத்தவர் அதியமான் நெடுமான் அஞ்சி, பெற்றவர் ஔவையார். அதியமானின் தகடூர் மண்ணிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே பிறந்து வளர்ந்து இதையும் மாற்றி எழுதுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.