கடம்பு அங்கேயேதான் இருந்தது: தாவரத் தோட்டத் தரவுத்தளத்தில் தேடுவோர் செய்யும் தவறுகள்

புராஜெக்ட் தொடங்கும் மாதங்களில் எங்கள் லேப்பில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "சார், தேடிப் பார்த்துட்டேன், அந்தத் தோட்டத்துல இல்ல." பெரும்பாலும் இருக்கும். எழுத்துப்பிழையைப் பற்றி நான் பேசப்போவதில்லை; அதை இரண்டாம் நாளே அவர்களாகத் திருத்திக்கொள்வார்கள்.

ஒரே பெயரை வைத்துத் தேடுவது

இதில் ஒரு பருவத்தையே தொலைத்தவன் நான். மதுரைக்காரன், மீனாட்சி கோயில் தலமரம் கடம்பு, ஊருக்கே கடம்பவனம் என்று பேர். ஆய்வுக்கும் கடம்பையே எடுத்தேன். பழைய பாடப்புத்தகத்தில் ஆந்தோசெபாலஸ் கடம்பா என்றிருந்தது. ஒரு பெரிய தோட்டத்தின் தரவுத்தளத்தில் அப்படியே தட்டினேன். ஒன்றும் வரவில்லை. நோட்டில் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த எக்ஸாமினர் போனை எடுத்து 'கடம்பா' என்று மட்டும் தட்டினார். மரம் வந்து நின்றது, நியோலமார்க்கியா கடம்பா என்ற பெயரில். ஒரு அத்தியாயம் முழுக்கத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

இந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் அதற்கு வைத்த பெயர் நாக்லியா கடம்பா. பிறகு ஆந்தோசெபாலஸ் ஆனது. அந்தப் பேரினத்துக்கு (பெயரின் முதல் சொல்) அடிப்படையாக இருந்த, பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் விவரித்த செடியோ மடகாஸ்கரைச் சேர்ந்த வேறொன்று. அதனால் 1980களில் போசே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் நம் மரத்துக்கு நியோலமார்க்கியா என்று புதுப் பேரினம் கொடுத்தார். கருவேலத்துக்கும் இதே கதி. 2005 வியன்னா சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில், அதுவரை அதற்கிருந்த அக்கேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களோடு போனது, 2011 மெல்போர்னில் அது உறுதியானது. நம்மூர்க் கருவேலம் வாச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. சில தோட்டங்கள் பழைய பெயரையும் புதியதையும் இணைத்து வைத்திருக்கும். பல தோட்டங்கள் வைத்திருக்காது. சொல்லவும் சொல்லாது, பேசாமல் பூஜ்யம் காட்டும். எரிச்சலே அதுதான்.

லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் 'பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் முதலில் எல்லா மாற்றுப் பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சிற்றினப் பெயரை (இரண்டாவது சொல்) மட்டும், வால் நறுக்கித் தட்டுங்கள்: பேரினம் மாறினால் 'ஆல்பா' என்பது 'ஆல்பம்', 'ஆல்பஸ்' என்றும் ஆகலாம்.

பதிவு எண்ணைக் குறிக்காதது

தோட்டம் ஒவ்வொரு செடிக்கும் தரும் எண் அது. பல தோட்டங்களில் முதல் நான்கு இலக்கம் செடி பதிவான ஆண்டு, கடைசி எழுத்து தனி மரத்துக்கு உரியது. பெயர் மாறும், இது மாறாது.

மூலக் குறியைப் பார்க்காதது

செடி எங்கிருந்து வந்தது என்று பதிவில் ஓர் எழுத்து சொல்லும். 'டபிள்யூ' என்றால் காட்டிலிருந்து நேரே வந்தது. 'இசட்' அதன் வாரிசு. 'ஜி' தோட்டத்துச் சரக்கு. 'யூ' என்றால் மூலம் தெரியாது.

ஹெர்பேரியம் தாளை உயிர்ச்செடி என்று எண்ணுவது

ஹெர்பேரியம் தாள் என்பது உலர்த்தி ஒட்டிய மாதிரி. காய்ந்த இலை துளிர்க்காது.

ஊர்ப்பெயரை நம்புவது

அந்த 'இல்லை'க்குப் பிறகு, தேனிப் பக்கம் கடம்பு நிற்கிறது என்று யாரோ சொல்ல, விடியற்காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். எலுமிச்சை அளவுக்கு ஆரஞ்சு நிறப் பூவுருண்டையை எதிர்பார்த்துப் போனால், கிளையில் தொங்கியதெல்லாம் கோலிக்குண்டு. நீர்க்கடம்பு, மைட்ராகைனா பார்விஃபோலியா. செங்கடம்பு என்று கேட்டிருந்தால் குடும்பமே வேறான பாரிங்டோனியாவைக் காட்டியிருப்பார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஒரு கிளையை ஒடித்து வந்தேன். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, பெயர்ச்சீட்டில் மூன்று அடித்தலோடு.