பின்னொட்டில் நழுவும் வெற்றி: எழுத்துக்கூட்டல் போட்டிக்குப் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வருகிறேன். நான் மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் வகுப்பே செய்த தவறுகளை, புதிதாகச் சேரும் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைக் கண்ட பிறகே இதை எழுதத் துணிந்தேன். 1985-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசியப் போட்டியில் இந்திய வம்சாவளிச் சிறுவன் பாலு நடராஜன் சரியாகச் சொல்லி வென்ற ‘மில்யூ’ போன்ற பிரெஞ்சுவழிச் சொற்களைப் பற்றியே பெற்றோர் பேச விரும்புகிறார்கள். ஆனால் எங்கள் மலையில் பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்குபவை நாள்தோறும் கேட்டுப் பழகிய சொற்களின் கடைசி நான்கு எழுத்துகள்தாம். ‘பிகினிங்’ என்பதில் எத்தனை ‘என்’ வரும் என்பது போன்றவற்றைப் பள்ளி ஆசிரியரே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சொல்லைக் கேட்கும்போதே விடையையும் சொல்லிவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குச் சினமூட்டும் தவறு இது. இதைச் செய்பவர்கள் பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள். வீட்டில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சொல் கேட்கும் தாயோ அண்ணனோ, கண்ணில் படும் எழுத்தை அப்படியே ஒலிக்கிறார்கள். ‘எக்ஸிஸ்டென்ஸ்’ என்பதில் ‘டென்’னையும் ‘ரெஸிஸ்டான்ஸ்’ என்பதில் ‘டா’வையும் அழுத்திச் சொல்கிறார்கள். பிள்ளையும் தயங்காமல் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலி மழுங்கிவிடும். முறையாக ஒலிப்பவர் வாயில் அவ்விரு சொற்களின் முடிவும் ஒன்றாகவே இருக்கும். அந்த மழுங்கிய ஒலி தமிழ்க் காதுக்கு அகரமாகவே விழுகிறது. எனவே ஐயம் வந்ததும் நம் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது ‘ஏ’ என்ற எழுத்து.

உதகையில் நடந்த பள்ளிகளுக்கிடையேயான போட்டி ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு ‘பெர்சிஸ்டென்ஸ்’ என்ற சொல் வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி, பட்டியல் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ‘பி, ஈ, ஆர், எஸ், ஐ, எஸ், டி’ வரை ஒரே மூச்சில் சொன்னவள் அங்கே நின்றாள். சொல்லை மறுபடியும் ஒலிக்கச் சொல்லிக் கேட்டாள், உதட்டை அசைத்துப் பார்த்தாள், பிறகு ‘ஏ’ என்றாள். வாயிலிருந்து வந்த எழுத்தை மாற்ற விதி இடம் தராது. வெளியே வந்ததும் அவள் தாய், “சார், வீட்டுல ஒரு தடவைகூட இதைத் தப்பாச் சொன்னதில்லைங்க” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. வீட்டில் அவளுக்கு அந்த எழுத்து காதிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. அன்பினால் செய்யப்பட்ட இந்த உதவி ஓராண்டு உழைப்பைப் பறித்துவிட்டதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே அகராதிகளின் இணையதளங்களில் உள்ள ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பயிற்சி தாருங்கள். அடுத்து, மழுங்கிய உயிரொலி அழுத்தம் பெற்று ஒலிக்கும் உறவுச் சொல்லைத் தேடப் பழக்குங்கள். எக்ஸிஸ்டென்ஷியல், ரெசிடென்ஷியல், கான்ஃபிடென்ஷியல் ஆகியவற்றில் ‘ஈ’ தெளிவாகக் கேட்கும். சப்ஸ்டான்ஷியல், சர்கம்ஸ்டான்ஷியல் ஆகியவற்றில் ‘ஏ’ கேட்கும். ‘பெர்சிஸ்டென்ஸ்’ போல அத்தகைய உறவு இல்லாதவற்றை வேரைக் கொண்டு தொகுத்துவிட வேண்டும். எக்ஸிஸ்ட், இன்சிஸ்ட், பெர்சிஸ்ட், சப்சிஸ்ட், ரெஸிஸ்ட், அசிஸ்ட் எல்லாம் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். முதல் நான்கும் ‘ஈ-என்-சி-ஈ’ பெறும், கடைசி இரண்டும் ‘ஏ-என்-சி-ஈ’ பெறும். பிரெஞ்சு மொழி இவ்வகை முடிவுகளையெல்லாம் ‘ஏ’ ஆக்கிவிட்டது. பிற்காலத்தில் லத்தீனை ஒட்டி வடிவம் பெற்றவை மட்டும் ‘ஈ’யோடு நின்றன. இந்த வரலாற்றை ஒரு முறை சொல்லிவிட்டால் ஆறு சொற்களும் ஒன்றாக மனத்தில் பதிகின்றன.

‘முழுச்சொல் நின்றால் ஏபிள்’ என்பதை முழு விதியாகக் கொள்வது

பின்னொட்டை நீக்கியபின் முழுச்சொல் மிஞ்சினால் ‘ஏ-பி-எல்-ஈ’, மிஞ்சாவிட்டால் ‘ஐ-பி-எல்-ஈ’ என்பது எல்லா வகுப்பிலும் கற்பிக்கப்படும் விதி. அக்செப்டபிள், ஆடிபிள் வரை அது உதவும். ஆனால் டைஜஸ்ட், கன்வர்ட், ரெஸிஸ்ட் ஆகியவை முழுச்சொற்களாக இருந்தும் ‘ஐ’ பெறுகின்றன. ப்ராபபிள், கேபபிள், ஹாஸ்பிடபிள் ஆகியவற்றில் முழுச்சொல் இல்லாமலே ‘ஏ’ வருகிறது.

இதைவிட நம்பத்தக்கது உறவுப் பெயர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பது. அட்மிரேஷன், அப்ளிகேஷன் என்று ‘ஏஷன்’ வந்தால் அட்மிரபிள், அப்ளிகபிள் இரண்டிலும் ‘ஏ’. பெர்மிஷன், டிவிஷன், கரப்ஷன் என்று வந்தால் பெரும்பாலும் ‘ஐ’. ஆங்கில வினையிலிருந்தே பிறந்த ப்ரிடிக்டபிள் போன்றவை இதற்கும் அடங்காதவை. இன்னொரு துணையும் உண்டு: பின்னொட்டுக்கு முன் உள்ள ‘சி’யோ ‘ஜி’யோ நாவிகபிள், அமிகபிள் என்பவற்றில் போல வல்லொலியாக நின்றால் ‘ஐ’ வரவே வராது, ஏனெனில் ‘ஐ’ வந்தால் அந்த ஒலியே மாறிவிடும். மெல்லொலியாக நின்றால் லெஜிபிள் போல ‘ஐ’ வரலாம், அல்லது நோட்டீசபிள், மேனேஜபிள் போல ‘ஏ’வுக்கு முன் ‘ஈ’ காவல் நிற்கலாம்.

சொல்வகையைக் கேட்காமல் தொடங்குவது

‘கேலஸ்’ பெயர்ச்சொல்லானால் ‘யு-எஸ்’, உரிச்சொல்லானால் ‘ஓ-யு-எஸ்’. ‘மியூகஸ்’, ‘பாஸ்பரஸ்’ ஆகியவையும் அப்படியே. பொருள், சொல்வகை, மூலமொழி, எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவற்றைக் கேட்கப் போட்டியாளருக்கு உரிமை இருந்தும், மேடையில் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை வகுப்பில் தெரிந்த சொல்லுக்கும் இக்கேள்விகளைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

‘ஆர்’ எழுத்தைக் கண்ணை மூடி இரட்டிப்பது

‘ரெஃபர்’ என்பதன் கடைசி அசையில் விழும் அழுத்தம் ரெஃபரன்ஸ் என்பதில் முதல் அசைக்கு நகர்ந்துவிடுவதால் பின்னொட்டுக்கு முன் ஓர் ‘ஆர்’. ‘அக்கர்’ என்பதன் அழுத்தம் அக்கரன்ஸ் என்பதில் நகராததால் இரண்டு.

‘சீட்’ என முடியும் சொற்களுக்கு அஞ்சுவது

சூப்பர்சீட் மட்டும் ‘எஸ்-ஈ-டி-ஈ’. எக்சீட், ப்ரொசீட், சக்சீட் மூன்றும் ‘சி-ஈ-ஈ-டி’. இன்டர்சீட் முதலிய மற்றவை ‘சி-ஈ-டி-ஈ’. ப்ரொசீஜரில் ஓர் ‘ஈ’ குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

‘இஃபை’ எல்லாம் ‘ஐ’ என நினைப்பது

ஸ்டுபிஃபை, புட்ரிஃபை, ரேரிஃபை: ‘ஈ-எஃப்-ஒய்’. மனப்பாடம் செய்க.

எந்த அகராதி என்று கேட்காமல் பட்டியல் வாங்குவது

நீலகிரிப் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலே பழக்கம். 1925-இல் தொடங்கிய ஸ்கிரிப்ஸ் போட்டிக்கோ மெரியம்-வெப்ஸ்டரின் பெரிய அகராதியே அடிப்படை. அதை ஒட்டிய பட்டியல்களே இங்கும் இணையம் வழியாக வந்து சேருகின்றன. ‘ஆர்கனைஸ்’ போன்றவற்றில் அமெரிக்க முறை ‘இஸட்’ கேட்கும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ‘இஸட்’டையே முன்வைக்கும். எக்சர்சைஸ், சூப்பர்வைஸ், ரிவைஸ் ஆகியவை எந்த நாட்டிலும் ‘எஸ்’தான். ‘அனலைஸ்’ என்பதை ஆக்ஸ்ஃபோர்டும் ‘ஒய்-எஸ்-ஈ’ என்றே எழுதும், மெரியம்-வெப்ஸ்டர் ‘ஒய்-இஸட்-ஈ’ என்று எழுதும். விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே போட்டி நடத்துபவரிடம் அகராதியின் பெயரைக் கேட்டு, அதைப் பட்டியலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.