ஸ்பீக்கரில் மணல்: டிடெக்டரோடு கடலில் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மெட்டல் டிடெக்டரோடு கடலில் இறங்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள் எல்லாமே பழைய ஆட்கள் ஒரு ரவுண்டு செய்து முடித்தவைதான். சார்ஜ் போட மறப்பது, ஹெட்போன் ஜாக்கின் மூடியை இறுக்காமல் இறங்குவது போன்றவற்றை நான் சொல்லவே தேவையில்லை, ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடுவார்கள். ஸ்பீக்கர் விஷயம் வேறு. இன்றைக்குச் செய்த தவறு அடுத்த தடவை தண்ணீரில் இறங்கும்போதுதான் தெரியும் என்பதால், எதனால் கெட்டது என்பதே பலருக்குப் பிடிபடுவதில்லை.

நான் தேடுவது புளோரிடாவின் அட்லாண்டிக் கரையில். 1715இல் புயலில் சிக்கி உடைந்த ஸ்பானியக் கப்பல்களின் காசுகள் பெரிய அலைக்குப் பிறகு இன்றும் ஒதுங்கும் கரை. அந்தக் கப்பல்கள் கிடக்கும் இடங்களில் தண்ணீருக்குள் தேட உரிமை பெற்றவர்களுக்குத்தான் அனுமதி, அதனால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நான் தண்ணீரில் இறங்குவது வேறு இடங்களில், குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரங்களுக்காக.

ஐபி68 என்றால் ஸ்பீக்கருக்கும் கவலை இல்லை என்று நினைப்பது

ஐபி68 என்பது கருவி தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தர எண். அதில் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு, 8 என்பது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. இரண்டும் பெட்டியின் உட்பகுதியைப் பற்றிய வாக்குறுதி. ஸ்பீக்கரின் வெளிச் சல்லடைக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. அது வீட்டுக்கு வெளியே இருக்கும் திண்ணை மாதிரி. மணலும் தண்ணீரும் தாராளமாக வந்து உட்காரும். வீட்டைக் காப்பது அந்தச் சவ்வு மட்டும்தான். மணல் சேர்ந்தால் சத்தம் அமுங்கும், கரகரக்கும். கருவிக்கு அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆபத்து எல்லாம் நாம் சுத்தம் செய்யக் கிளம்பும்போதுதான்.

ஊசியால் குத்தி எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

எங்களோடு வரும் ஒரு தம்பி, நல்ல பொறுமைசாலி. கருவியின் சத்தம் அமுங்கிவிட்டது என்று ஒருநாள் ஊக்கை எடுத்துச் சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தியிருக்கிறார். மணல் உதிர்ந்தது, சத்தமும் கணீரென்று வந்தது. "பாத்தீங்களா அண்ணா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். சவ்வு எவ்வளவு மெல்லியது என்று சொன்னேன். அதான் நன்றாகக் கேட்கிறதே என்று சிரித்தார்.

கேட்கத்தான் செய்யும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சவ்வு அதிரும். கரையில் ஆட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் ஸ்பீக்கர் மூழ்கும்போது அழுத்தம் தண்ணீரை அந்த ஓட்டை வழியாகத் தள்ளும். அடுத்த முறை இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவருடைய திரைக்குள் ஆவி படர்ந்தது. அப்புறம் எதைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பீப் பீப் என்று கத்தியது, பிறகு அணைந்துவிட்டது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே அது சர்க்யூட் போர்டைத் தொட்டால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். வாரன்டிக்கு அனுப்பினார். சவ்வில் குத்திய ஓட்டை இருக்கிறது, இது பயன்படுத்தியவர் செய்த சேதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பல்குத்தும் குச்சி, பிரஷ் முடி, மீன்முள் எதுவானாலும் கதை இதுதான். கூர்மையான எதுவும் சல்லடையைத் தாண்டக் கூடாது.

சரி, மணலை எப்படித்தான் எடுப்பது? தண்ணீரால் வந்ததைத் தண்ணீரால்தான் அனுப்ப வேண்டும். ஒரு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, ஸ்பீக்கர் கீழே பார்க்கும்படி கருவியை முக்கி, மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். மணல் தன் எடையாலேயே கீழே இறங்கும். தண்ணீரை மாற்றி மறுபடி செய்யுங்கள். பிறகு அதே மாதிரி ஸ்பீக்கர் தரையைப் பார்க்க, நிழலில் வைத்துவிடுங்கள். உப்பு படிகமாகி மணலோடு இறுகுவதற்கு முன், அன்றைக்கே செய்துவிட்டால் அலசலோடு வேலை முடிந்துவிடும்.

காற்றடிப்பது, குழாயைப் பீச்சுவது

அதே சவ்வு, அதே ஓட்டை. ஊசியை விடப் பெரியது.

கறுப்பு மணலில் கருவியைச் சாய்த்து வைப்பது

மணவாளக்குறிச்சிப் பக்கம் போனவர்களுக்கு இந்த மணல் தெரியும். புளோரிடாவின் வடக்கிலும் உண்டு. இன்று பணக்காரர்கள் வசிக்கும் பான்ட்டே வீட்ராவில் முதல் உலகப் போர்க் காலத்தில் இதைத் தோண்டித்தான் பிழைத்தார்கள், அப்போது ஊரின் பெயரே மினரல் சிட்டி. கனமான மணல் என்பதால், கனமான தங்க மோதிரமும் அது தங்கும் இடத்திலேயே தங்கும். ஆகவே நாம் தேடிப் போவதே அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால் இதில் காந்தம் இழுக்கும் மேக்னடைட் என்ற தாது கலந்திருக்கலாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது. சாதா மணல் ஒரு அலசலில் போகும், மேக்னடைட் போகாமல் ஒட்டிக்கொண்டு கரகரக்கும். தோண்டும்போது கருவியைத் தரையில் போடாதீர்கள். மணல் அள்ளும் ஸ்கூப்பை நட்டு அதன் கைப்பிடியில் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பில் கயிறு கட்டி மிதக்க விடுங்கள். மிதக்கும் கருவிதானா என்று முழங்கால் ஆழத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டேப் போட்டு முழுக்க அடைப்பது

மணல் வராது. ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தின் மெல்லிய ஒலியும் வராது. பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டை இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள், அல்லது செல்போன் ஸ்பீக்கருக்கு விற்கும் ஒட்டும் வலையை ஒட்டுங்கள். வலையில் தண்ணீர் படலமாக நின்றால் ஒரு உதறு உதறினால் போதும்.

கொதிக்கும் காரிலிருந்து நேராகக் கடலுக்குள்

உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கும். எங்காவது ரப்பர் வளையம் பலவீனமாக இருந்தால் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். கொஞ்ச நேரம் நிழலில் ஆறட்டும்.

ஹேர் டிரையர்

வேண்டாம்.

ஏற்கனவே குத்தியாகிவிட்டது என்றால்

சத்தம் நன்றாக இருக்கிறதே என்று தண்ணீரில் சோதிக்காதீர்கள். சவ்வை மாற்றும் வரை அந்தக் கருவிக்குக் காய்ந்த மணல் மட்டும்தான். தரையைத் தடவும் வட்டமான காயில் (coil) நனையலாம், பெட்டி நனையக் கூடாது. நீருக்கான ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கர் தேவைப்படாது என்பது உண்மை, ஆனால் ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.